வெஸ்ட்ரி அலமாரியில் இருக்கும் ஊர்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத் திருச்சபைகளின் கமிட்டிப் பெரியோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கமிட்டி உறுப்பினர்களே, செயலர்களே, உபதேசியார்களே, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் கோயில்குட்டி அண்ணன்மாரே,



மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் கல்யாணம் வைக்கிறவர்களுக்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஏறுகிற சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை கார் ஊர்ந்து வரும். பத்து மணி ஆராதனை பத்தே முக்காலுக்குத் தொடங்கும். பாமாலை, வேதபாடம், பிரசங்கம், உடன்படிக்கை, தாலி, மோதிரம், ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து கூட்டம் பந்தியைப் பார்த்து நகர்ந்துவிடும். பீடத்துக்குப் பக்கத்து மேசையில் ஐந்தாறு பேர் மட்டும் குனிந்து நிற்பார்கள்: மணமக்கள், இரண்டு சாட்சிகள், ஆயர், பதிவேட்டை விரித்துப் பிடித்திருக்கும் செயலர். வீடியோக்காரர் "பேனாவைப் பிடிச்சபடியே ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்பார். கையெழுத்து விழும். பதிவேடு மறுபடி அலமாரிக்குள் போகும்.

இந்த மடல் அந்த அலமாரியைப் பற்றியது.

பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம், வளர்ந்தால் கத்தோலிக்கருக்குப் புதுநன்மை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்குத் திடப்படுத்தல், பிறகு விவாகம், கடைசியில் அடக்கம். சபை ஒரு மனிதரை இத்தனை முறை பெயர் சொல்லி அழைக்கிறது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு நோட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. எல்.இ.டி. திரை வாங்கலாமா, மைக் செட்டை மாற்றலாமா என்று இரவு பத்து மணிவரை கூடிப் பேசுகிற கமிட்டிகள், அந்த நோட்டுகளைப் பற்றிக் கடைசியாக எந்தக் கூட்டத்தில் பேசின? பெரும்பாலான சபைகளில் பதில் மௌனமாகத்தான் இருக்கும்.

பதிவேடு எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் சட்டமானது. இங்கிலாந்தில் 1538-இல் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து சங்கத்தில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அதையே விதித்தது. தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்டு கணக்கு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1707 மே 12-ஆம் தேதி சீகன்பால்க் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐந்து பேரும் அங்கிருந்த டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். உலகம் கணக்கில் வைக்காத மனிதர்களின் பெயரைச் சபை எழுதிக்கொண்டது. இந்த நோட்டுகளின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த ஐந்து பேரைக் காட்டலாம்.

கொங்கு நாட்டுக்கு இந்த வழக்கம் இரண்டு பாதைகளில் வந்தது. ஒன்று கருமத்தம்பட்டி வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் தாண்டிப் போனால் வரும் அந்த ஊர்தான் இந்தப் பகுதிக் கத்தோலிக்கத்தின் தாய்வீடு. கோயமுத்தூர் மறைப்பணித் தளத்துக்குப் பொறுப்பேற்ற மரியோன் தெ பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-இல் அங்கேதான் ஆயராக அபிஷேகம் பெற்றார். பின்னாளில் ஆப்பிரிக்கப் பணிக்கென்று ஒரு மறைப்பணிச் சபையைத் தொடங்கி, 1859-இல் சியரா லியோனில் நோய்கண்டு இறந்தார். மற்றொரு பாதை லண்டன் மிஷன். டபிள்யூ. பி. ஆடிஸ் 1830-இல் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். கொங்கு நாட்டு சி.எஸ்.ஐ. சபைகளில் பலவற்றின் வேர் அந்த மிஷனில் இருக்கிறது.

இந்த இரண்டு மரபும் எழுதிய முறை வேறு. கத்தோலிக்கக் குருக்கள் நீண்ட காலம் லத்தீனில் எழுதினார்கள். கறுப்பாயி அம்மாள் மரியம்மாளாகி, மரியம்மாள் 'மரியா' என்று லத்தீன் இலக்கணப்படி உருமாறி நிற்பாள். ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. 1907-இல் 'நே தெமேரே' என்ற ஆணை வந்தபிறகு, ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும் அவருடைய ஞானஸ்நானம் பதிவான பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்கே அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். உறுதிப்பூசுதலும் குருத்துவமும் அப்படியே ஓரத்தில் சேரும். காரமடையில் ஞானஸ்நானம் பெற்று, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், பெங்களூரில் மணமுடித்த ஒருத்தரின் வாழ்க்கை முழுவதும் காரமடைப் பதிவேட்டின் ஒரே பக்கத்தில் கிடைக்கும். சி.எஸ்.ஐ. முறையில் அந்த ஓரக்குறிப்பு இல்லை. கடன் வாங்கினாலும் தப்பில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். மலைக்கு மேலே ஊட்டியில் புனித ஸ்டீபன் ஆலயம் இருக்கிறது. 1831-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்து ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அந்த வளாகத்துக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அன்றைக்கே படியெடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து 1698 முதல் போன அந்தப் படிகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. இங்கிலாந்தில் இருக்கும் கொள்ளுப்பேரன் தன் பாட்டி ஊட்டியில் எந்த நாளில் அடக்கமானாள் என்பதை அங்கே உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவான். மலை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டவனின் கொள்ளுப்பேரன் மேட்டுப்பாளையத்திலேயே இருக்கிறான். அவனுடைய பாட்டி பெயர் ஒரே ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு உங்கள் அலமாரியில், பழைய கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு அடியில் இருக்கிறது.

இது வெறும் வரலாற்று ஆசை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பதிவேட்டின் ஒரு வரி சட்டமன்றத்தையே அசைத்த கதை பக்கத்து மாநிலத்தில் நடந்தது.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்த தனித் தொகுதி. 2021 தேர்தலில் மார்க்சிஸ்டு கட்சியின் ஏ. ராஜா அங்கே வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர், ராஜா கிறிஸ்தவர், தனித் தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்று வழக்குப் போட்டார். சாட்சிக் கூண்டில் மனிதர்களோடு நோட்டுகளும் ஏறின. குண்டளை சி.எஸ்.ஐ. சபையின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றும் வரிவரியாக அலசப்பட்டன. பதிவுகளில் கை வைக்கப்பட்டிருப்பதாகக் கேரள உயர் நீதிமன்றம் கருதியது. கல்யாணப் புகைப்படத்தில் மணமக்கள் உடுத்தியிருந்த உடைகூட விவாதத்துக்கு வந்தது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி ராஜாவின் வெற்றி செல்லும் என்றது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. ஒரு மலைச் சபையின் செயலர் என்றோ எழுதிய வரியை டெல்லியில் நீதிபதிகள் படித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்துச் செயலர் எழுதும் வரிக்கும் அந்த நாள் வரலாம்.

அந்த வரி ஏன் இவ்வளவு கனக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாகக் கணக்கில் கொண்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. தீர்மானம் டெல்லிக்குப் போனது. சட்டம் அப்படியே இருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் ஆதாரமாக வந்து நின்றது. உச்ச நீதிமன்றம் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்துவிட்டது.

அதனால்தான் உங்களிடம் சில பெற்றோர் தயங்கித் தயங்கி வந்து, "பிள்ளைக்கு ஜெபம் மட்டும் பண்ணிடுங்க ஐயா, நோட்டுல வேண்டாம்" என்று கேட்கிறார்கள். அவர்களைப் பீடத்திலிருந்து கடிந்து பிரசங்கம் செய்வது சுலபம். தகப்பன் சாக்கடை அள்ளுகிறவர். மகன் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலில் நிற்கிறான். விசுவாசத்துக்கும் இடஒதுக்கீட்டுக்கும் நடுவே அந்தக் குடும்பத்தை நிறுத்தியது சபையும் அல்ல, அந்தத் தகப்பனும் அல்ல. எனவே கடிந்துகொள்ள வேண்டாம். அதே சமயம் நோட்டில் விளையாடவும் வேண்டாம். கொடுத்த ஞானஸ்நானத்தை எழுதாமல் விடுவது, கொடுக்காததைப் பின்தேதியிட்டு எழுதுவது, பெயரை வெள்ளை மையால் மறைத்து வேறு பெயர் எழுதுவது மூன்றும் ஒரே குற்றம். பெற்றோர் காத்திருக்க விரும்பினால் காத்திருக்கட்டும். பிள்ளையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிக்கும் வழக்கம் பெந்தெகொஸ்தே சபைகளில் நெடுங்காலமாக உண்டு. முழுக்கு பிறகு, அறிவு வந்தபின். அந்த வழியில் போவதற்கு யாரும் தடையாக இருக்கத் தேவையில்லை. பதிவேட்டைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது மட்டும் நடக்கவே கூடாது.

ஆற்றில் முழுக்குக் கொடுக்க விரும்பும் சபைகளுக்கு நடுவே ஒரு சொல். பவானி அழகான ஆறுதான். ஆனால் பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் சில மணி நேரத்திலேயே வெள்ளம் ஏறிவிடும். மேலே வானம் வெளுத்திருப்பதைப் பார்த்து இறங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அணைப் பக்கத்து நிலவரம் கேட்காமல் யாரையும் ஆற்றில் இறக்காதீர்கள்.

இனி அவசர ஞானஸ்நானம். கமிட்டிகளில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பேசாதது. பையன் கிறிஸ்தவன், பெண் இந்து. வெள்ளிக்கிழமை பெண்ணுக்கு ஞானஸ்நானம், திங்கட்கிழமை ஆலயத்தில் கல்யாணம். அந்தப் பெண்ணிடம் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். தவறு அவளுடையதல்ல. சட்டம் அப்படிக் கேட்கவும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரிடம் விலக்குப் பெற்று வேற்று மதத்தவரை மணக்கும் வழியும் இருக்கிறது. மற்றவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் முப்பது நாள் அறிவிப்பும் உண்டு. மூன்று நாளில் ஒரு மனிதரின் மதத்தை மாற்றி எழுதுவதைவிட அந்த முப்பது நாள் கௌரவமானது.

அதே 1872 சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உண்டு. கல்யாணம் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையே நடக்க வேண்டும். பேராயரின் சிறப்பு அனுமதி இருந்தால் விலக்கு. 'மாலை நேரக் கல்யாணம்' என்று விளக்குத் தோரணம் போட்டு ஏழரைக்குத் தாலி கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊட்டி ரோட்டு நெரிசலைச் சட்டம் காரணமாக ஏற்றுக்கொள்ளாது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலயத்தில் நடந்த கல்யாணமும் தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். அது தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் அறுபது நாள் அவகாசம் உண்டு. எத்தனை சபைகளில் செயலர் இதை மணமக்களிடம் எடுத்துச் சொல்கிறார்? வெளிநாட்டு விசாவுக்கு ஓடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. மூன்று ஞாயிறு விவாக அறிவிப்பு வாசிக்கிறீர்களே, மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இந்தத் தகவலை ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடலாம்.

தாலி பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டுக் கல்யாணத்தைக் கடக்க முடியாது. இன்று சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை ஆயரே ஜெபித்து எடுத்துக் கொடுக்கிறார். அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுகால வழக்கு ஒன்று இருக்கிறது. ரோமிலிருந்து வந்த தெ தூர்னோன் என்ற பாப்பரசர் தூதர், 1704 ஜூனில் புதுச்சேரியில் உட்கார்ந்து தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கங்களை அலசி ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ இருக்கட்டும். நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குக் கல்யாணம் கூடாது. பெண்பிள்ளை பெரியவளானதை ஊர்கூட்டிக் கொண்டாடக் கூடாது. மதுரை மிஷன் சேசு சபையார் எதிர்த்து முறையிட்டார்கள். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் ஆணையைப் பெருமளவு உறுதிசெய்து வழக்கை முடித்தார்.

ஆணைகள் அனைத்தையும் காலம் ஒரே மாதிரி மதிக்கவில்லை. குழந்தைக் கல்யாணம் போனது, நல்லது. பெரியவளான பெண்ணுக்குச் செய்யும் மஞ்சள் நீராட்டு போகவில்லை. மேட்டுப்பாளையத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் தாய்மாமன் சீர்த்தட்டுகள் வரிசையாக வரும். ஆயர் வந்து ஜெபம் பண்ணுவார். அதற்கு ஆராதனைப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. பிளெக்ஸ் பேனரில் பிள்ளையின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு மெயின் ரோட்டில் கட்டுவதைத் தூதர் பார்த்திருந்தால் ஆணையில் இன்னொரு பிரிவு சேர்ந்திருக்கும். பிள்ளையின் கூச்சத்தை நினைத்தாவது பேனரை விடலாம். சீரைப் பற்றிச் சண்டை போட்டு ஜெயித்த ஆயர் கொங்கு நாட்டில் இருந்ததாகத் தெரியவில்லை.

காலம் பார்ப்பதிலும் நம் ஆட்கள் இரண்டு காலண்டர் வைத்திருக்கிறார்கள். லெந்து நாட்களில் ஆயர் கல்யாணம் நடத்த மாட்டார். ஆடியில் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டாள். இரண்டையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் முகூர்த்தங்களில் மண்டபம் கிடைக்காது.

திடப்படுத்தல் பற்றி ஒரு சின்னச் செய்தி, மூத்தவர்கள்கூட மறந்தது. லண்டன் மிஷன் சபைகள் பேராயர் ஆளுகை இல்லாத, சபையார் கூடித் தீர்மானிக்கும் மரபைச் சேர்ந்தவை. மேற்றிராணியார் வந்து தலைமேல் கைவைத்துத் திடப்படுத்தும் முறை ஆங்கிலிக்கருடையது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டு மரபும் ஒன்றாயின. 1950-இல் கோயமுத்தூர் திருமண்டலம் தனியாகி, ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயராக வந்தார். அவருடைய தகப்பனாரே சைவத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்து நூல் எழுதிய மகன், மிஷன் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளின் தலைமேல் கைவைத்தார். வெள்ளை உடையும் தலையில் முக்காடும் போட்டு இன்று வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இது யுகயுகமாக நடந்துவருவது போலத் தோன்றும். கொங்கு நாட்டுச் சபைகள் பலவற்றில் அதற்கு முக்கால் நூற்றாண்டு வயதுதான்.

இனிக் கல்லறைத் தோட்டம்.

சாவுக்குச் சீட்டு எழுதும் இடத்தில்தான் சபையின் முகம் தெரியும். இழவு வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். மகன் ஃப்ரீசர் பெட்டிக்கு ஓடுகிறான். மருமகன் கமிட்டி அலுவலகத்துக்கு வருகிறான். அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "எத்தனை வருஷம் சந்தா பாக்கி?" என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில் வேறு சபையில் இருப்பார்கள். கோயமுத்தூர் முதல் கன்னியாகுமரி வரை இந்தப் பழக்கத்தைப் பற்றிய முறையீடு கேட்கிறது. சபை நடத்தப் பணம் வேண்டும், யாரும் மறுக்கவில்லை. குடிநீர் வரி கட்டாதவன் செத்தால் நகராட்சி மயானத்தை மூடுவதில்லையே.

குழியை மறுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைத் தமிழ்நாடு 2020 ஏப்ரலில் பார்த்தது. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலைச் சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதைக்க எதிர்ப்பு வந்து வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது, ஊர்க்கும்பல் மறித்து ஆம்புலன்சை உடைத்தது. நண்பரான மருத்துவர் ஒருவரும் உடன்வந்தவர்களும் நள்ளிரவில் அங்கேயே கையால் மண் தள்ளி அவரை அடக்கினார்கள். கௌரவமான அடக்கம் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்துச் சொன்னது. அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சத்தீஸ்கரில் 2025 ஜனவரியில் ஒரு போதகரின் உடல், சொந்த ஊரில் புதைக்க எதிர்ப்பு வந்ததால் சுமார் மூன்று வாரம் சவக்கிடங்கில் காத்திருந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுவேறு கருத்துச் சொல்லி, கடைசியில் தொலைவிலுள்ள கிறிஸ்தவ மயானத்தைக் காட்டினார்கள். வெளியார் மறிக்கும்போது துடித்துப்போகும் நாம் உள்ளே என்ன செய்கிறோம்?

திருச்சி மேலப்புதூர் புனித மரியன்னை பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பிய சுவர் தமிழ்நாடே அறிந்தது. எதிர்த்துப் போராடியவர்கள் கைதானார்கள். 1704 ஆணையிலேயே, சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குக் குரு நேரில் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் பக்கம் அப்படிச் சுவர் இல்லை என்று மார்தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கமிட்டியும் தன் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரிக்கட்டும். மேட்டுப் பக்கத்தில் யார், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் யார், முன்வரிசைச் சலவைக்கல் யாருக்கு, பின்வரிசை மண்மேடு யாருக்கு என்று பெயர் வாசித்தால் போதும். செங்கல் இல்லாமலும் சுவர் கட்டலாம்.

இடமில்லை என்பதும் உண்மையான கவலைதான். நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. குடும்பக் கல்லறையை உரிய ஆண்டுகள் கழித்துத் திறந்து அதே குழியில் அடுத்தவரை வைப்பது பெருநகரங்களில் நடைமுறையாகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இலேயே தகனத்துக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது. சாம்பலைக் காற்றில் கரைக்காமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எந்த வழி என்பதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிதானமாகப் பேசி முடிவெடுங்கள். பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயமல்ல இது. அடக்கப் பதிவேட்டில் குழியின் வரிசை எண்ணையும் எழுதினால், எந்தக் குழியை எப்போது திறந்தோம் என்ற தகராறு பாதியாகக் குறையும்.

கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பதிவேடு எழுத, தண்ணீர் பட்டால் ஓடாத மைப்பேனா ஒன்றை மேசையிலேயே கட்டிவையுங்கள். ஐப்பசி அடைமழையில் அலமாரி ஈரம் கோத்தால் ஜெல் பேனா எழுத்து பக்கம் முழுக்கப் பரவிவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் போடுங்கள், கரையான் சுவர்வழியாகத்தான் ஏறும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து, கமிட்டி உறுப்பினர் ஒருவர் முன்னிலையில், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் படியெடுக்கச் சொல்லுங்கள். ஒரு படி திருமண்டல அலுவலகத்துக்கு, ஒரு படி வங்கி லாக்கருக்கு. சிதிலமான நோட்டைக் கடைசிவரை வைத்துக் கரைத்துவிடாமல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் ஆலோசனை கேளுங்கள். அவர்கள் பழைய சபைப் பதிவுகளைக் கையாண்டு பழகியவர்கள்.

பத்திகளிலும் ஒரு திருத்தம் வேண்டும். பழைய அச்சுப் படிவத்தில் தகப்பன் பெயர், தகப்பன் தொழில், குடியிருப்பு என்று விரிவாக இடம் விட்டிருப்பார்கள். தாய் பெயருக்குச் சின்ன இடம். அவள் தொழிலைக் கேட்பாரே இல்லை. சிறுமுகைத் தறியில் பட்டு நெய்கிறவளும், பாக்கு மண்டியில் பாக்கு உரிக்கிறவளும், மலைக்காய்கறி மண்டியில் உருளைக்கிழங்கு தரம்பிரிக்கிறவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீட்சைத் தொட்டியண்டை வந்து நிற்கிறார்கள். புதுப் பதிவேடு அச்சடிக்கும்போது அவர்களுக்கும் ஒரு பத்தி போடுங்கள்.

சந்தா பாக்கிக் கணக்குக்குத் தனி நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பேசலாம். அடக்கப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் தொகை குறித்துவைக்கும் பழக்கம் உங்கள் சபையில் இருக்கிறதா என்று வரும் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேளுங்கள். இருந்தால், ரப்பரையும் அவரே கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பின்பெஞ்சுச் சபையார் ஒருவர்
மேட்டுப்பாளையம்